ஐம்பது லட்சம் ரூபாய் கார் ஒன்பது லட்சத்துக்கு வருகிறது: வாங்கலாமா?

மன்னார்குடியை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து நாற்பத்தொரு வயது வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

வளைகுடா நாடொன்றில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அவர் இப்போது உரக்கடை நடத்துகிறார். கடைச் செலவெல்லாம் போக மாதம் சராசரியாக 45,000 ரூபாய் நிற்கிறது. மூன்று ஏக்கர் நன்செயில் சம்பாவும் அதன் பிறகு உளுந்தும் உண்டு. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபத்து நான்கு வயதுத் தந்தை. தந்தை அந்தப் பகுதி மிராசுதார் ஒருவர் வீட்டில் முப்பது ஆண்டுகள் அம்பாசடர் ஓட்டியவர். “அந்த வண்டியைத் துடைத்தும் ஓட்டியும் காலத்தைக் கழித்தார் ஐயா, பின் சீட்டில் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. அவரை ஒரு நல்ல காரின் பின் சீட்டில் உட்கார வைத்து, தை மாதம் என் தங்கை மகள் கல்யாணத்துக்கு அழைத்துப் போக வேண்டும்” என்று எழுதியிருக்கிறார்.

சென்னையில் பழைய கார் விற்கும் ஒருவரிடம், 2015-இல் பதிவான, டெல்லிப் பதிவெண் கொண்ட ஜெர்மன் டீசல் செடான் ஒன்றைப் பார்த்திருக்கிறார். புதிதில் ஐம்பது லட்சம் ரூபாய்க்கு விற்ற வண்டி இப்போது 9 லட்சம். ஒரே உரிமையாளர், 58,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று சொல்கிறார்கள். முன்பணமாக 25,000 ரூபாய் கொடுத்துவிட்டார். சேமிப்பு 5 லட்சம் இருக்கிறது. மீதிக்கு மனைவியின் நகையை வங்கியில் விவசாய நகைக்கடனாக வைக்கலாம் என்பது திட்டம். மனைவியிடமும் தந்தையிடமும் இன்னும் சொல்லவில்லை. உரிமையாளர் கையெழுத்திட்ட படிவங்களைத் தருகிறோம், பெயர் மாற்றத்தை ஓராண்டுக்குள் ஆற அமரச் செய்துகொள்ளலாம், பாதிப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்தால் 50,000 குறைக்கிறோம் என்றும் விற்பவர் சொல்லியிருக்கிறார். “இது லாபமா, நட்டமா? ஏதேனும் பழுது என்றால் இன்சூரன்ஸ் இருக்கிறது, ஏமாற்றினால் நுகர்வோர் கோர்ட் இருக்கிறது என்று நினைக்கிறேன். சரிதானா?” என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தந்தையைப் பின் சீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்ற ஆசையை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நீங்கள் அதைக் காதில் வாங்க வேண்டாம். ஆனால், மோட்டார் வாகன வழக்குகளிலும் நுகர்வோர் வழக்குகளிலும் நீண்ட காலம் புழங்கிய வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியை, இந்த முறையில், இந்தப் பணத்தைக் கொண்டு வாங்காதீர்கள். பழைய சொகுசுக் கார் வாங்குவதே தவறு என்பதல்ல என் கருத்து. சிலருக்கு அது பொருந்தும்; யாருக்கு என்பதையும் கீழே எழுதுகிறேன். உங்கள் வருமானத்துக்கும் உங்கள் ஊருக்கும் அது பொருந்தவில்லை என்பதே என் கவலை.

விலை இறங்கியது, செலவு இறங்கவில்லை

“நாற்பத்தொரு லட்சம் ரூபாய் மிச்சம்” என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. கணக்கு பிழைப்பது அந்த இடத்தில்தான். வயது ஏற ஏற வண்டியின் விற்பனை விலை இறங்குகிறது. அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்குவதில்லை. பதினோரு வயது வண்டிக்கும் மாட்டப் போவது புதிய பம்ப், புதிய சென்சார், புதிய டயர்தான். அவற்றுக்கு நீங்கள் கொடுக்கப் போவது ஐம்பது லட்சம் ரூபாய் வண்டிக்குரிய விலை. போதாக்குறைக்கு, எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள்தான் இத்தகைய வண்டிகளின் பெரிய பாகங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து முடிகின்றன. ரப்பர் புஷ்கள் வெடிக்கின்றன. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் மின்னணுப் பகுதி மக்கர் செய்கிறது. டர்போ தளர்கிறது. ஜெர்மன் டீசல் எஞ்சின்கள் சிலவற்றில் டைமிங் செயின் எஞ்சினின் பின்புறம், கியர் பாக்ஸை ஒட்டி அமைந்திருக்கும்; செயினின் விலை ஒரு பங்கு என்றால், அதை மாற்றுவதற்காக எஞ்சினையே இறக்கி ஏற்றும் கூலி பல பங்கு. முதல் உரிமையாளர்கள் பலரும் விற்பது அடுத்த பெரிய பில் வருவதற்குச் சற்று முன்பாகத்தான்.

வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த கட்சிக்காரர் ஒருவருடைய வண்டியை நான் நேரிலேயே போய்ப் பார்த்தேன். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, அதாவது இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர்ப் பைகள் தாங்கும் வண்டி. ரப்பரில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்திருந்தது. இரவு முழுவதும் காற்று கசிந்து, காலையில் பார்த்தபோது, படுக்கப் போகும் மாடு முன்னங்கால்களை மடித்தது போல வண்டியின் முன்பக்கம் தரையோடு தாழ்ந்து கிடந்தது. அவர் எஞ்சினைப் போட்டதும் கம்ப்ரசர் உறுமி உறுமிக் காற்றை ஏற்றியது. அப்படி இரண்டு மாதம் ஓட்டியதில் கம்ப்ரசரும் எரிந்துபோனது. பையை உடனே மாற்றியிருந்தால் ஒரு செலவோடு போயிருக்கும். பணம் அறுவடைக்குப் பிறகுதான் வரும் என்று அவர் காத்திருந்தார். டெல்டாவில் வருமானம் மாதச் சம்பளம் போல வருவதில்லை. மேட்டூர் திறப்பும் மழையும் கொள்முதல் நிலையத்தின் வரிசையும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. இந்த வண்டிகளோ பழுதைத் தள்ளிப்போட இடம் கொடுப்பதில்லை. ஒரு பழுது அடுத்ததையும் இழுத்து வந்துவிடும்.

என் மேசைக்கு வந்த பில்களை வைத்து உங்களுக்காக ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். ஆண்டு சர்வீஸ், பில்டர், பிரேக் பேட் வகையில் 45,000 ரூபாய். நான்கு டயர்களுக்கு ஒரு லட்சம், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு 25,000. காப்பீடு 30,000. கியர் பாக்ஸ், சஸ்பென்ஷன் போன்ற பெரிய பழுதுக்கு ஆண்டுதோறும் எடுத்து வைக்க வேண்டியது குறைந்தது ஒரு லட்சம். ஆக 2 லட்சம். இன்றைக்கு 9 லட்சத்துக்கு வாங்கும் வண்டி ஐந்தாண்டு கழித்து 3 லட்சத்துக்குப் போனால் அதுவே நல்ல விலை. அந்த இறக்கம் ஆண்டுக்கு 1,20,000. இரண்டையும் கூட்டினால் 3,20,000. உங்கள் கடையின் ஆண்டு வருமானம் 5,40,000. ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள்; அப்படியானால் டீசல் ஊற்றுவதற்கு முன்பே கிலோமீட்டருக்கு நாற்பது ரூபாய் விழுகிறது. மன்னார்குடியில் வாடகைக் கார் என்ன வாங்குகிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

ஊரின் இயல்பையும் சேர்த்துப் பாருங்கள். சர்வீஸ் மையத்துக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள். உங்கள் ஊரிலிருந்து அது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவழியில் நின்றால் கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஆட்டோமேட்டிக் வண்டியை அப்படி இழுத்தால் கியர் பாக்ஸ் கெடும். ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். உங்கள் தந்தை ஓட்டிய அம்பாசடருக்கு மன்னார்குடியில் எந்தப் பட்டறையிலும் சாமான் கிடைத்தது, ஸ்பானரை எடுத்து அவரே பாதியைச் சரிசெய்திருப்பார். இந்த வண்டியில் பேட்டரியை மாற்றினால்கூடச் சில மாடல்களில் கணினியை இணைத்துப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் கதகதப்புத் தேடி பானட்டுக்குள் ஏறி ஒயர்களைக் கடிப்பதை டெல்டாவில் கார் வைத்திருக்கும் எல்லோரும் அறிவார்கள். சாதாரண வண்டியில் அது உள்ளூர் எலக்ட்ரீஷியன் வேலை, இதில் ஒயரிங் தொகுதியையே மாற்றச் சொல்வார்கள். தாழ்ந்த அடிப்பகுதி கொண்ட வண்டி என்பதால், சாலையில் காயப் போட்டிருக்கும் உளுந்துச் செடியும் வைக்கோலும் அடியில் சுற்றிக்கொண்டு சூடான புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடிக்கும் ஆபத்தும் மிகுதி.

டெல்லி வண்டி ஏன் இவ்வளவு மலிவு

தேசியத் தலைநகர்ப் பகுதியில் பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் இந்த விஷயத்தில் உத்தரவுகளில் மாற்றங்கள் வந்திருக்கின்றன என்றாலும், அந்த அச்சத்தில்தான் பத்து வயதை எட்டும் டீசல் சொகுசு வண்டிகள் அங்கிருந்து தெற்கே குறைந்த விலைக்கு வருகின்றன. ஆகவே, இந்த விலை குறைவில் உங்கள் பேரத் திறமைக்கு அதிக பங்கில்லை. அதைவிட முக்கியமாக, வண்டியின் பதிவு டெல்லியில் இன்னும் உயிருடன் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதைப் பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28-இல் வாங்கும் என்ஓசி, தமிழ்நாட்டில் உங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பெயருக்குக் கிடைத்த பிறகு அல்லாமல் மீதிப் பணத்தில் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. “விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்” என்ற பேச்சை நம்பி ஓட்ட முடியாத வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

வண்டி இங்கே வந்ததும் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியைக் கட்ட வேண்டும். நீங்கள் கொடுக்கும் 9 லட்சத்தை வைத்து அது கணக்கிடப்படுவதில்லை; வண்டியின் அசல் விலையும் வயதும்தான் அடிப்படை. இந்தத் தொகையை உங்கள் கணக்கில் நீங்கள் சேர்க்கவே இல்லை. மேலும், பதிவு பதினைந்து ஆண்டுக்குத்தான். 2030-இல் அது முடியும். அதன் பிறகு தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோய், கட்டணமும் பசுமை வரியும் கட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அந்த வயதில் இப்படிப்பட்ட வண்டியை வாங்க ஆள் கிடைப்பது அரிது.

பெயர் மாற்றத்தில் ஆற அமர என்பதே இல்லை

ஓராண்டு அவகாசம் என்று விற்பவர் சொல்வது இரண்டு வேறு விதிகளைக் குழப்புவதால் வரும் தவறு. வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 47-ஆம் பிரிவு. உரிமை மாற்றம் 50-ஆம் பிரிவில் வருகிறது. வாங்கியவர் முப்பது நாள்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். கையெழுத்திட்ட படிவங்கள் 29, 30 உங்கள் மேசை அறையில் இருப்பதால் மட்டும் நீங்கள் பதிவேட்டில் உரிமையாளர் ஆகிவிட மாட்டீர்கள். இடையில் டெல்லிக்காரர் இறந்துவிட்டால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை, அவருடைய வாரிசுகளைத் தேடிக்கொண்டு நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டியிருக்கும். வண்டியின் மீது வங்கிக் கடன் இருந்து அது ஆர்சி புத்தகத்திலிருந்து நீக்கப்படாமல் இருந்தால், படிவம் 35-உம் வங்கியின் கடிதமும் இல்லாமல் பெயர் மாறவே மாறாது.

காப்பீட்டில் மக்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சட்டத்தின் 157-ஆம் பிரிவின்படி, வண்டி கைமாறும்போது மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு, அதாவது வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு, தானாகவே புதிய உரிமையாளருக்கு வந்து சேரும். உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. பதினான்கு நாள்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதி, பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒருவருடைய கார் மீது தென்னை சாய்ந்தது. வண்டியை வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது, பாலிசி பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. நிறுவனம் கையை விரித்தது. அவருக்காக நான் வாதாடினேன், சட்டம் எங்கள் பக்கம் இல்லை. தோப்பும் போய் வண்டியும் போய் நின்ற அந்த மனிதரிடம் “பதினான்கு நாள்” என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். காப்பீடு விபத்துக்கும் திருட்டுக்கும் இயற்கைச் சீற்றத்துக்கும்தான். தேய்மானத்துக்கும் தானாக வரும் பழுதுக்கும் அது ஒரு காசும் தராது. கியர் பாக்ஸ் நின்றால் அது உங்கள் செலவு. விபத்திலும்கூட, பத்து வயதைக் கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்குப் பாதி விலையையும், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு எந்த வயதிலும் பாதி விலையையும் தேய்மானமாகக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். இந்தக் கழிவைத் தவிர்க்கும் கூடுதல் பாலிசி பெரும்பாலும் ஐந்து வயது வரையிலான வண்டிகளுக்கே கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீருக்குள் எஞ்சினைப் போட்டு, தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் இறுகிவிட்டால், அதற்கெனத் தனிப் பாதுகாப்பு எடுத்திராதவர்களின் கோரிக்கையை நிறுவனங்கள் நிராகரித்துவிடுகின்றன. 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் 2022 ஜூன் மாதக் கட்டண விகிதப்படி 7,897 ரூபாய். அதை மட்டும் கட்டிவிட்டு “இன்சூரன்ஸ் இருக்கிறது” என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர்.

நுகர்வோர் ஆணையம் எதற்கு உதவும்

வியாபாரமாகப் பழைய கார் விற்பவர் மீது திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்கள் வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விற்றவர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போட இயலும். காலக் கெடு இரண்டு ஆண்டு. ஆனால், பழைய பொருளில் பழுது வந்தது என்பதாலேயே பணம் திரும்பக் கிடைக்காது. விற்றவர் தெரிந்தே பொய் சொன்னார் அல்லது மறைத்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பியது, வெள்ளத்தில் மூழ்கியதை மறைத்தது ஆகியவை இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்லும் மோசடிக்குள் வரும். ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். “உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்” என்ற வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாதாரணத் தேய்மானத்துக்காக ஆணையத்துக்கு வருபவர்களுக்கு என்னால் பெரிதாக உதவ முடிந்ததில்லை. தரகர் ஒருவர் மூலமாகத் தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் ஆணையம் பொதுவாகப் பொருந்தாது, உரிமையியல் நீதிமன்றம்தான். வண்டியைக் கடைப் பெயரில் வாங்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்ற வாதத்தை நாமே எதிர்த்தரப்பின் கையில் கொடுப்பதாகிவிடும்.

2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ரொக்கத் தள்ளுபடிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்: ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. தண்டம் ரொக்கத்தைப் பெறும் விற்பவருக்குத்தான் என்றாலும், நாலரை லட்சத்துக்குத் தடயமே இல்லாமல் போனால், நாளைக்கு ஆணையத்தில் நீங்கள் முழு விலையையும் கொடுத்ததை எப்படிக் காட்டுவீர்கள்?

நகை உங்கள் மனைவியுடையது

கடிதத்திலேயே என்னை அதிகம் சங்கடப்படுத்திய பகுதி இது. திருமணத்தின்போதும் அதன் பிறகும் உங்கள் மனைவிக்குக் கிடைத்த நகை சீதனம். அது அவருக்கு மட்டுமே முழு உரிமையானது என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கணவர் அதை மனைவியின் சம்மதமின்றித் தன் காரியத்துக்கு எடுத்துக்கொண்டால், அது நம்பிக்கை மோசடி என்ற குற்றமாகக்கூட ஆகலாம். உங்கள் வீட்டில் அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் மனைவி மனமுவந்து தரக்கூடும். ஆனால் அவரிடம் கேட்டாக வேண்டும், கேட்கும்போது மேலே உள்ள 3,20,000 ரூபாய்க் கணக்கையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

விவசாய நகைக்கடன் என்ற திட்டமும் சரியல்ல. அந்தக் குறைந்த வட்டி பயிர்ச் செலவுக்காகத் தரப்படும் சலுகை. அதை வாங்கிக் கார் எடுத்தால் கடன் நிபந்தனையை மீறியதாகும், சலுகையும் போகும். நூற்றுக்கு ஒன்பது வட்டி என்று வைத்தாலும் 4 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 36,000 ரூபாய். நான் போட்ட கணக்கில் இது சேரவில்லை. ஒரு சம்பா மழையில் சாய்ந்தால் நகையை மீட்கும் தவணை தவறும். அடுத்த குறுவைக்கு உரம் வாங்குபவர்கள் உங்களிடம் கடன் சொல்வார்கள். உரக்கடைக்காரரான உங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அடி விழும்.

அப்படியும் வாங்குவது என்றால்

நகரத்தில் இருப்பவர், இந்த வண்டிகளைப் பிரித்து வேலை செய்யத் தெரிந்த தனிப் பட்டறை அருகில் இருப்பவர், அன்றாட ஓட்டத்துக்கு வேறு வண்டி வைத்திருப்பவர், கடன் வாங்காமல் வாங்குபவர், வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று தனியே வைத்திருப்பவர்: இவர்களுக்குப் பழைய சொகுசுக் கார் பொருந்தும். உறுதியான உடல், நெடுஞ்சாலையில் அதன் பிடிப்பு, பாதுகாப்பு, அமைதி எல்லாம் உண்மையானவை. அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. என்றாவது நீங்களும் அந்த நிலைக்கு வரலாம். அப்போது தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட, முதல் உரிமையாளரிடம் உள்ள, எல்லா சர்வீஸ் பில்களும் இருக்கும் வண்டியாகத் தேடுங்கள்.

எந்த வண்டியானாலும் பார்க்கும்போது சீட் பெல்ட்டை அதன் கடைசி வரை வெளியே இழுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் அந்த உள்நுனியில் சேற்றுக் கோடு காய்ந்திருக்கும், அதைக் கழுவ யாருக்கும் நினைவு வருவதில்லை. தரை விரிப்பைத் தூக்கி, சீட்டின் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் பல இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. கிலோமீட்டர் மீட்டரில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், ஸ்கேனரை மாட்டி மற்ற மின்னணுப் பகுதிகளில் பதிவாகியிருக்கும் கிலோமீட்டரோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் பழைய பதிவுகளைக் கேளுங்கள். பதினோரு வயது டெல்லி வண்டி 58,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்பது உண்மையாகவும் இருக்கலாம். பில் இல்லாமல் நம்ப வேண்டியதில்லை.

இன்றைக்கு உங்களிடம் உள்ள 5 லட்சத்தை வைத்து நான் சொல்லும் மாற்று இது: தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ சர்வீஸ் மையம் உள்ள நிறுவனத்தின், ஆறேழு வயதுக்கு மிகாத, திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மாவட்டத்திலேயே ஒரே கையில் இருந்த பெட்ரோல் வண்டி. கல்யாணத்துக்கு உங்களுக்குப் பிடித்த அதே ரகச் சொகுசுக் காரை ஓட்டுநரோடு இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். உங்கள் தந்தை பின் சீட்டில்தான் உட்காருவார். ஆர்சி புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது அந்தப் பயணத்தைத் தொடாது.

அவரிடம் ரகசியமாக வைத்திருப்பது நல்லதுதானா என்றும் யோசியுங்கள். முப்பது ஆண்டு வண்டியோடு வாழ்ந்தவர்; எஞ்சின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார், நீங்கள் சென்னையில் முன்பின் தெரியாதவரைக் கேட்கிறீர்கள். எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் அவரை அழைத்துப் போங்கள். அவருக்கு மூட்டுவலி உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். தாழ்ந்த செடானின் பின் சீட்டிலிருந்து எழுந்து வெளியே வர அவரால் முடிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது முன்பணம் பற்றியது. நீங்களாக மனம் மாறி விலகினால், 25,000 ரூபாயைத் தர மாட்டேன் என்று அவர் சொல்ல இடமுண்டு. ஆகவே, வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிவிடாதீர்கள். டெல்லிப் பதிவின் இன்றைய நிலை, என்ஓசி, வங்கிக் கடன் நீங்கியதற்கான கடிதம், சர்வீஸ் பதிவுகள், அவருடைய அங்கீகாரச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைப் பத்து நாள்களுக்குள் தர வேண்டும், தராவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பட்டுவாடாச் சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) எழுதுங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். இவற்றில் ஒன்றிரண்டு அவரிடம் இருக்காது என்றே எண்ணுகிறேன்; அப்போது விலகும் உரிமை உங்கள் பக்கம் வரும். எல்லாவற்றையும் ஒழுங்காகக் காட்டிவிட்டால் அவர் நேர்மையான வியாபாரி. அவரிடமே பேசி, முன்பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து வெளியே வாருங்கள். முன்பணத்துக்கு அவர் கொடுத்த ரசீதில் “திருப்பித் தரப்பட மாட்டாது” என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து, அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். கடிதத்தின் வாசகத்தை அதற்கேற்ப எழுதித் தருகிறேன்.